ராண்ட், ஆர், இசட்ஏஆர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து இறங்கும் தமிழ்நாட்டுக்காரரும், இந்தியர்கள் நிறைந்த டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்தில் ஐந்தாறு தலைமுறையாக வாழ்ந்து இப்போது தமிழ் எழுத்து பழகும் பிள்ளையும் ஒரே சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள்: ‘ராண்ட்’, தென்னாப்பிரிக்கப் பணத்தின் பெயர். முன்னவருக்கு அது பணம் மட்டுமே; பழைய செய்தித்தாளில் அதே சொல் ஓர் ஊராக வரும்போது குழம்புகிறார். பின்னவருக்குப் பணமும் தெரியும், ஊரும் தெரியும். தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. இரு தரப்பும் என்னிடம் கேட்டவற்றையும், கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலியிலேயே தருகிறேன்: ஆர் என்றால் விலைச்சீட்டில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து.

‘ராண்ட்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் என்ன?

விளிம்பு. டச்சு, ஆப்பிரிக்கான்ஸ், ஜெர்மன் மூன்றிலும் அதுதான் அடிப்படைப் பொருள். தட்டின் விளிம்பும் ராண்ட்தான், தொப்பியின் ஓரமும் ராண்ட்தான். நம் ‘கரை’ என்ற சொல் ஆற்றுக்கும் வேட்டிக்கும் பொதுவாக நிற்பதைப்போல் இதுவும் பல பொருளுக்குப் பொது. பழைய ஜெர்மானிய மொழிகளில் கேடயத்தின் விளிம்பையும் கேடயத்தையும் இச்சொல் குறித்தது. ராண்டால்ஃப், பெர்ட்ராண்ட் போன்ற ஐரோப்பியப் பெயர்களுக்குள் ஒளிந்திருப்பது அந்தக் கேடயம்தான்.

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் சமவெளியின் ஓரத்தில் எழும் நீண்ட பாறைத் தொடரையும் இப்படியே அழைத்தார்கள். ஹைடல்பர்க் ஊருக்கு அருகே இருக்கும் சுய்க்கர்போஸ்ராண்ட் இயற்கைக் காப்பகத்தின் பெயரில் இப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது.

மலைத்தொடரின் பெயர் பணத்துக்கு எப்படி வந்தது?

ஒரே ஒரு மலைத்தொடரால் வந்தது. அதன் முழுப்பெயர் விட்வாட்டர்ஸ்ராண்ட்: ‘வெண்ணீர் முகடு’ என்று தமிழில் சொல்லலாம். வெளிர்நிறக் குவார்ட்சைட் பாறையின் மேல் ஓடைகள் வழிந்து இறங்கியதால் வந்த பெயர். இந்த முகடு ஒரு நீர்ப்பிரிமேடும்கூட. இதன் வடக்கே விழும் மழை லிம்போப்போ ஆற்றின் வழியே இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறது. தெற்கே விழுவது வால், ஆரஞ்சு ஆறுகளின் வழியே அட்லாண்டிக்கைச் சேர்கிறது.

1886-இல் இந்த முகட்டின் லாங்லாக்டே பண்ணையில் தங்கப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் நகரம் பிறந்தது. முகட்டின் பெயர் நீளமாக இருந்ததால் சுரங்கக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அதைச் சுருக்கி ‘ராண்ட்’ என்றார்கள். சில ஆண்டுகளிலேயே இலண்டன் பங்குச் சந்தையில் ‘ராண்ட்’ என்றால் தங்கம் என்று ஆகிவிட்டது. அங்கே கொழித்த சுரங்க முதலாளிகளுக்கு ‘ராண்ட்லார்டு’கள் என்றே பட்டப்பெயர், ஆங்கிலத்தில் நிலக்கிழாரைக் குறிக்கும் லாண்ட்லார்டு என்ற சொல்லை ஒட்டிய கேலி அது.

பின்னர் 1950களின் பின்பாதியில் பவுண்டை விட்டுவிட்டு, பத்துப் பத்தாக எண்ணும் பதின்மப் பணமுறைக்கு மாற அரசு முடிவு செய்தது. புதிய பணத்துக்கு ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் ஒரே எழுத்தில் எழுதக்கூடிய குறுஞ்சொல் தேவைப்பட்டது. நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்ததோ அந்த முகட்டின் பெயரே பணத்தின் பெயரும் ஆனது. அந்தச் செல்வத்தை மண்ணுக்கடியிலிருந்து சுமந்து மேலே கொண்டுவந்தவர்களின் மொழிகளில் ஒரு சொல் கிடைக்குமா என்று அன்று யாரும் தேடவில்லை.

ராண்ட் எப்போது புழக்கத்துக்கு வந்தது? அதற்கு முன் என்ன இருந்தது?

1961 பிப்ரவரி 14. அதற்கு முன் தென்னாப்பிரிக்கப் பவுண்ட், ஷில்லிங், பென்னி. ஒரு பவுண்ட் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி. மாற்றக் கணக்கு எளிதாகவே வைக்கப்பட்டது: ஒரு பவுண்டுக்கு 2 ராண்ட். எனவே 10 ஷில்லிங் 1 ராண்ட், 1 ஷில்லிங் 10 சென்ட். சிக்கல் சில்லறையில்தான். மூன்று பென்னி நாணயத்துக்கு ‘டிக்கி’ என்று பெயர். அது இரண்டரை சென்ட் ஆனது. மக்கள் தவிக்கக்கூடாது என்பதற்காக 1961 முதல் 1964 வரை இரண்டரை சென்ட் நாணயமே அடித்தார்கள். இந்தியாவில் 1957-இல் அணா போய் நயா பைசா வந்தபோது ஓரணா ஆறேகால் பைசா ஆன கதையைப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு இந்தத் தலைவலி புரியும்.

இங்கே வானொலியில் ‘டெசிமல் டான்’ என்ற கேலிச்சித்திரப் பாத்திரம் பாட்டுப் பாடி மக்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. டிக்கி நாணயம் மறைந்த பிறகும் அதன் பெயர் மறையவில்லை. பொதுத் தொலைபேசிக் கூண்டை ‘டிக்கி பாக்ஸ்’ என்று நெடுங்காலம் அழைத்தார்கள்.

நம்மவர்களுக்கு இந்த மாற்றக் கணக்கில் தனியாக நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஒப்பந்தத்தின்படி ஆண் தொழிலாளிக்கு முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், உணவுப்படி தனி. ஒவ்வோர் ஆண்டும் ஒரு ஷில்லிங் கூடும். 1961-இன் மாற்று விகிதத்தில் அந்தப் பத்து ஷில்லிங் சரியாக ஒரு ராண்ட். விலைவாசி வேறு, காலம் வேறு என்பதெல்லாம் சரி. கரும்புத் தோட்டத்து மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்துக் காட்ட முடிகிறது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தத்தில் சேராமலும் இங்கேயே தங்கியவர்கள் மீது 1895-இல் நேட்டால் (டர்பன் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் காலனி) அரசு சட்டமியற்றிய தலைவரி ஆண்டுக்கு 3 பவுண்ட். அதாவது 60 ஷில்லிங், முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி.

‘ஆர்’ என்ற சுருக்கம் பணத்தைக் குறிக்கிறதா, சாலையைக் குறிக்கிறதா?

இரண்டையும் குறிக்கிறது. இரண்டிலும் எண்ணுக்கு முன்னால்தான் வருகிறது, அதுதான் வேடிக்கை. கடையில் ‘ஆர் 102’ என்றிருந்தால் நூற்றிரண்டு ராண்ட். பச்சைப் பலகையில் ‘ஆர் 102’ என்றிருந்தால் டொங்காட், வெருலம் வழியாகக் கடற்கரையை ஒட்டிப் போகும் பழைய பெருஞ்சாலை. சாலைப் பெயரில் ஆர் என்பது வட்டாரச் சாலை. என் என்றால் தேசிய நெடுஞ்சாலை: என் 2 கடலோரம், என் 3 டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க். எம் என்றால் மாநகரச் சாலை: சாட்ஸ்வொர்த்துக்குப் போகும் ஹிக்கின்சன் நெடுஞ்சாலை எம் 1. ஜோகன்னஸ்பர்க்கிலும் ஓர் எம் 1 உண்டு. மாநகர எண்கள் ஒவ்வொரு நகரத்துக்கும் தனித்தனி, கூகுள் வரைபடத்தில் தேடும்போது ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் குழப்பமே வராது. சாலையை ‘ஆர் ஒன்று சுழியம் இரண்டு’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்வார்கள். பணத்தைச் சொல்லும்போது ஆர் என்ற எழுத்தை யாரும் உச்சரிப்பதில்லை. ‘நூற்றிரண்டு ராண்ட்’ என்பார்கள். எழுதும்போது முன்னால் வரும் எழுத்து, படிக்கும்போது சொல்லாக மாறி எண்ணுக்குப் பின்னால் போய் நிற்கிறது. ரூ. 50 என்று எழுதி ஐம்பது ரூபாய் என்று படிக்கும் நமக்கு இது புதிதில்லை.

பழைய நீதிமன்ற ஆவணங்களில் ஆளின் பெயருக்கு முன்னால் ஆர் இருக்கிறதே, அபராதத் தொகையா?

இல்லை. இது குடும்ப வரலாறு தேடுபவர்கள் கேட்கும் கேள்வி, நல்ல கேள்வி. பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் குற்ற வழக்குகள் மன்னரின் பெயரால் நடந்தன. மன்னர் என்றால் லத்தீனில் ரெக்ஸ், அரசி என்றால் ரெஜினா. இரண்டுக்கும் முதலெழுத்து ஆர். ‘ஆர் எதிர் இன்னார்’ என்றால் முடியரசு அவர்மீது தொடுத்த வழக்கு.

1961 மே 31 அன்று தென்னாப்பிரிக்கா குடியரசானது. அன்றிலிருந்து வழக்குத் தலைப்புகளில் ஆர் போய் எஸ் வந்தது. எஸ் என்பது ஸ்டேட், அரசு. ஆக, பிப்ரவரியில் விலைச்சீட்டுக்குள் நுழைந்த எழுத்து, மே மாதம் குற்ற வழக்கிலிருந்து வெளியேறியது. 1956 டிசம்பரில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் 156 பேர் கைதானார்கள். நேட்டால் இந்திய காங்கிரஸ் தலைவர் டாக்டர் மாண்டி நாயக்கரும் அவர்களில் ஒருவர். அந்த வழக்கு ஆர் காலத்து வழக்கு. நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதித்த 1964-இன் ரிவோனியா வழக்கு எஸ் காலத்தது. பாட்டனார் பெயரைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் தலைப்பெழுத்தைப் பார்த்தே ஆண்டை ஓரளவு ஊகித்துவிடலாம்.

நாட்டின் பெயர் ‘சவுத் ஆப்பிரிக்கா’. பணக் குறியீடு மட்டும் ஏன் இசட்ஏஆர்?

எஸ்ஏ என்ற இரண்டெழுத்து சவூதி அரேபியாவுக்குப் போய்விட்டது. எஸ்ஏஆர் என்றால் சவூதி ரியால். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. தென்னாப்பிரிக்காவுக்கு டச்சு வடிவத்திலிருந்து எழுத்து எடுத்தார்கள்: ‘சைட் ஆஃப்ரிக்கா’ என்பது டச்சில் இசட் எழுத்தில் தொடங்கும். ஆப்பிரிக்கான்ஸில் அதுவே எஸ் எழுத்தில் தொடங்குகிறது என்பதால், இன்றைய ஆட்சிமொழி எதிலும் இந்த இசட் பொருந்தாது. இணைய முகவரிகளின் கடைசியில் வரும் இசட்ஏ, வெளிநாடு போகும் வண்டிகளில் ஒட்டும் இசட்ஏ, எல்லாம் ஒரே வேர்.

இதே மூன்று எழுத்துக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு. டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்கள் 1852 முதல் வால் ஆற்றுக்கு வடக்கே நடத்திய நாட்டின் பெயர் ‘சைட் ஆஃப்ரிக்கான்ஸ்க ரெபப்ளீக்’; சுருக்கம் இசட்ஏஆர். ஆங்கிலேயர்கள் அதை டிரான்ஸ்வால் என்றார்கள். இடையில் 1877 முதல் 1881 வரை பிரிட்டன் அதை இணைத்து வைத்திருந்தது; 1902-இல் போயர் போர் முடிந்தபோது அந்தக் குடியரசும் முடிந்தது. அதன் எழுத்துகள் மட்டும் உலக வங்கிகளின் கணினியில் திரும்ப உட்கார்ந்திருக்கின்றன. அருங்காட்சியக நாணயத்தின் கீழ் இசட்ஏஆர் என்றிருந்தால் அது நாட்டின் பெயர். இன்றைய ராண்டின் மதிப்பில் கணக்குப் போடாதீர்கள்.

இசட்ஏஎல் என்று ஒன்று பார்த்தேன். அச்சுப் பிழையா?

பிழையில்லை, செத்துப்போன பணம். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை மொத்தமாக வெளியே இழுத்துவிடாமல் தடுக்க, ஒரே நாட்டில் இரண்டு வகை ராண்ட் இருந்தது. சாதாரண வணிகத்துக்கு ஒன்று. வெளிநாட்டார் சொத்து வாங்க விற்க ‘நிதி ராண்ட்’ என்று இன்னொன்று, குறைந்த மதிப்பில். 1979-இல் வந்து, 1983-இல் போய், கடன் நெருக்கடியால் 1985-இல் மறுபடி வந்து, 1995 மார்ச்சில் ஒரேயடியாக ஒழிந்தது. அதன் குறியீடுதான் இசட்ஏஎல்.

தமிழில் எப்படி எழுதுவது? ராண்ட், ரேண்ட், ரான்ட், ராண்டு?

நான்கும் அச்சில் வருகின்றன. ஆங்கிலம் பேசுபவர்கள் வாயில் அது ரேண்டுக்கு அருகில் ஒலிக்கிறது. ஆப்பிரிக்கான்ஸில் கடைசி எழுத்து வல்லினமாக இறுகி ஏறக்குறைய ‘ரன்ட்’ ஆகிறது. நான் ராண்ட் என்று எழுதுகிறேன். படிக்கத் தடையில்லை, எழுத்துக்கு எழுத்தும் ஒத்துப்போகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதாதவரை எதை எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

இலக்கணப்படி ரகரம் சொல்லுக்கு முதலில் வராது, இகரம் சேர்த்து ‘இராண்டு’ என்றுதான் எழுத வேண்டும் என்று ஒரு தமிழாசிரியர் வகுப்பில் பிடிவாதம் பிடித்தார். விளைவு, ‘இரண்டு இராண்டு’ என்று எழுதிய பிள்ளைகளுக்கு எது எண், எது பணம் என்று தெரியவில்லை. ஆனால் சூலு மொழிக்காரர்கள் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள்: ‘இராண்டி’, பன்மையில் ‘அமராண்டி’. காரணம் வேறு. அவர்கள் மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னொட்டு வேண்டும். காரணம் எதுவானால் என்ன, சந்தையில் காய் விற்கும் சூலு அம்மாவிடம் ‘இராண்டு’ என்று சொன்னால் தமிழ் இலக்கணமும் பிழைக்கும், பேரமும் நடக்கும்.

பன்மையில் ‘ராண்டுகள்’ என்று எழுதலாமா?

தொகையோடு வேண்டாம். பத்து ரூபாய் என்கிறோம், பத்து ரூபாய்கள் என்பதில்லை. ஆங்கிலத்திலும் இங்கே தொகையோடு எஸ் சேர்ப்பதில்லை. ‘ராண்ட்ஸ்’ என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

விலையில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வருகிறதே?

அரசு முறைப்படி இங்கே பதின்மக் குறி காற்புள்ளிதான். ‘ஆர் 19,99’ என்றால் பத்தொன்பது ராண்ட் தொண்ணூற்றொன்பது சென்ட். ஆயிரத்தைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள்: ‘ஆர் 1 500,00’. ஆனால் எல்லாரும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. வங்கிச் செயலிகள், கணக்காளர்கள், ஆங்கிலப் பத்திரிகைகள் பலவும் புள்ளியையே வைக்கின்றன. இலட்சம், கோடிக்குக் காற்புள்ளி போட்டுப் பழகிய கண்ணுக்கு ‘1,500’ என்பது ஒன்றரையா, ஆயிரத்து ஐந்நூறா என்று ஒரு கணம் தடுமாறும். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். இங்கே யாரும் இலட்சம் என்று பேசுவதில்லை. பத்து இலட்சத்தை ஒரு மில்லியன் என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

அச்சில் ஆர் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. தமிழில் ஒட்டி எழுதினால் படிக்கக் கடினம் என்பதால் நான் விட்டிருக்கிறேன். சென்டுக்கு எண்ணின் பின்னால் சிறிய சி எழுத்து.

சென்ட் நாணயங்கள் எங்கே போயின?

1, 2 சென்ட் நாணயங்கள் அடிப்பது 2002-இல் நின்றது, 5 சென்ட் 2012-இல். அதனால் 19,99 என்ற விலைக்கு 20 ராண்ட் நோட்டை நீட்டினால் கையில் ஒன்றும் திரும்பி வராது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கடைகளில் ரொக்கத் தொகையைக் கீழ்நோக்கி அருகிலுள்ள பத்து சென்டுக்குக் குறைக்கிறார்கள். 10 சென்ட் மிச்சம் உங்களுடையது. அட்டையில் செலுத்தினால் கடைசி சென்ட் வரை எடுத்துக்கொள்வார்கள்.

க்ரூகர்ராண்ட் என்றால் எத்தனை ராண்ட்?

எத்தனை ராண்டும் இல்லை. அது ஒரு தங்க நாணயம், அதில் முகமதிப்பே பொறிக்கப்படவில்லை. அன்றைய தங்க விலைதான் அதன் விலை. 1967-இல் முதன்முதலாக அடிக்கப்பட்டது. ஒரு பக்கம் பழைய போயர் குடியரசின் அதிபர் பால் க்ரூகர், மறுபக்கம் ஸ்பிரிங்பாக் மான். உள்ளே இருப்பது ஒரு ட்ராய் அவுன்ஸ் சுத்தத் தங்கம். செம்பு கலந்திருப்பதால் மொத்த எடை 33.93 கிராம், தரம் 22 காரட். நம் நகைக்கடை மொழியில் நாலேகால் பவுனுக்குச் சற்றுக் குறைவு. செம்பின் சிவப்பு அதில் தெரிவதால் நம்மூர் ஆபரணத் தங்கத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்நியமாக இருக்காது.

நிறவெறி ஆட்சிக்கு எதிரான தடைகளில் 1985-இல் அமெரிக்கா இதன் இறக்குமதியை நிறுத்தியது. இப்போது தடையில்லை. 1980 முதல் அரை, கால், பத்தில் ஒரு பங்கு அளவுகளிலும் வருகிறது. ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் நாணயம்தானே என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள்; சுங்கத்துறைக்கு அது தங்கம், இரு நாட்டு விதிகளையும் முதலில் பாருங்கள்.

‘ராண்டில் வேலைநிறுத்தம்’ என்று பழைய தலைப்பு. பணத்தில் எப்படி வேலைநிறுத்தம்?

இங்கே ராண்ட் என்பது ஊர். ஜோகன்னஸ்பர்க்கும் அதன் இருபுறம் நீளும் சுரங்க நகரங்களும் சேர்ந்த வட்டாரம். ஆங்கிலத்தில் முன்னால் ‘தி’ என்ற சுட்டு நிற்கும், அதுதான் அடையாளம். 1922-இன் ‘ராண்ட் கலகம்’ வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் தொடங்கியது. பிரதமர் ஸ்மட்ஸ் பீரங்கியும் விமானமும் அனுப்பி அதை அடக்கினார். 1902 முதல் 1985 வரை வந்த ‘ராண்ட் டெய்லி மெயில்’ நாளிதழும், ஜோகன்னஸ்பர்க்குக்குத் தண்ணீர் தரும் ‘ராண்ட் வாட்டர்’ நிறுவனமும் ஊரின் பெயரைச் சுமப்பவை, பணத்தின் பெயரையல்ல. இரண்டும் பணம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியவை. ‘ராண்ட் ஆப்பிரிக்கான்ஸ் பல்கலைக்கழகம்’ 2005-இல் வேறு நிறுவனத்தோடு இணைந்து ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. முகட்டுப் பெயரின் முன்பாதியை எடுத்துக்கொண்ட ‘விட்ஸ்’ பல்கலைக்கழகம் மட்டும் பெயர் மாறாமல் நிற்கிறது. கிழக்கு ராண்ட் நகரங்கள் 2000-இல் எக்குர்ஹுலேனி மாநகரம் ஆகிவிட்டன. பெனோனிக்காரர்கள் வாயில் அது இன்னும் ‘ஈஸ்ட் ராண்ட்’தான்.

தமிழர் வரலாற்றில் இந்த ராண்டுக்குத் தனி இடமுண்டு. மொரீஷியசில் பிறந்த தம்பி நாயுடு காந்தியோடு சேர்ந்து சத்தியாக்கிரகம் நடத்தியது இங்கேதான். 1913-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நேட்டால் எல்லையைத் தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அவர்கள் எதிர்த்தவற்றில் ஒன்று அந்த 3 பவுண்ட் வரி. தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் சொல்கிறோம். தில்லையாடி குடும்பத்தின் ஊர், அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். பிராம்ஃபோன்டீன் கல்லறையில் அவர் சமாதி இருக்கிறது. அதே ஆண்டு வரி ஒழிந்தது. பள்ளிப் பாடத்தில் அவரை ‘ராண்டின் மகள்’ என்று எழுத ஒரு மாணவி அனுமதி கேட்டாள். பணத்தின் மகள் என்று படித்துவிடப் போகிறார்கள், விட்வாட்டர்ஸ்ராண்ட் என்று முழுதாக எழுது என்றேன்.

ராண்ட் நோட்டில் தமிழ் உண்டா?

இல்லை. இந்திய, இலங்கை, சிங்கப்பூர், மொரீஷியஸ் நோட்டுகளில் பார்த்துப் பழகியவர்கள் தேடுகிறார்கள். மொரீஷியசில் 1998-இல் வெளியிட்ட நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தார்கள். இங்கே நோட்டிலும் நாணயத்திலும் ஆட்சிமொழிகளுக்குத்தான் இடம். ஆனால் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, சமூகங்கள் பேசும் மொழிகளை மதித்துப் போற்ற வேண்டும் என்று சொல்லும் இடத்தில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவையும் அங்கே உண்டு.

பக்கத்து நாடுகளில் ராண்ட் செல்லுமா?

லெசோத்தோ, நமீபியா, எஸ்வாட்டினி மூன்றும் தங்கள் பணத்தை ராண்டோடு ஒன்றுக்கொன்று என்று கட்டியிருக்கின்றன. அங்கெல்லாம் ராண்டை வாங்கிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது மீதியை அவர்கள் பணத்தில் வாங்கி வராதீர்கள், டர்பன் கடையில் செல்லாது. போட்ஸ்வானா 1976-லேயே விலகித் தன் புலாவை வைத்துக்கொண்டது.

கணினியில் ராண்ட் என்று தட்டினால் ஏதோ எண் வருகிறதே?

அது வேறு சொல். ‘ராண்டம்’ என்பதன் வெட்டுத்துண்டு. விரிதாளில் அதைக் கொடுத்தால் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே குருட்டாம்போக்கில் ஓர் எண் வரும். மாற்று விகிதம் என்று நம்பிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். சில வாரங்களில் நாணயச் சந்தையைப் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடில்லை என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் பெயர் ‘ஆய்வும் மேம்பாடும்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். எழுத்தாளர் அய்ன் ராண்ட், தட்டச்சுப் பொறிக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட் எல்லாம் ஆட்பெயர்கள். செருப்புத் தைப்பவர் சொல்லும் ராண்ட் மட்டும் நம் பழைய விளிம்புக்கு உறவு: குதிகாலுக்கு மேல் ஓரமாக வைத்துத் தைக்கும் தோல் பட்டை.

இந்திக்கார நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இந்தியில் இதை ஒத்த ஒலியில், கைம்பெண்ணை இழித்துப் பேசும் வசைச்சொல் ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. சிரிப்பு ஒரு வாரத்தில் அடங்கிவிடும், சம்பளம் வந்ததும்.

‘பக்’ என்கிறார்களே, அது டாலர் இல்லையா?

இங்கே ராண்ட்தான். ‘ஐம்பது பக்’ என்றால் ஐம்பது ராண்ட். வெளிநாட்டுச் செய்தியில் வந்தால் மட்டும் டாலர்.

ஊருக்குப் பணம் அனுப்பும் படிவத்தில் எதை எழுதுவது?

நாணயக் கட்டத்தில் இசட்ஏஆர், பெறுபவர் பக்கம் இந்திய ரூபாயின் குறியீடான ஐஎன்ஆர். தொகைக் கட்டத்தில் எண் மட்டும். அங்கே ஆர் போட்டால் சில இயந்திரங்கள் ஏற்காமல் திருப்பிவிடும். கையால் எழுதும் படிவமானால் ரூ. என்று பழக்கத்தில் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொகையை ஆங்கிலச் சொற்களிலும் எழுதுங்கள். கட்டணம் எவ்வளவு, மாற்று விகிதம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கட்டணமே இல்லை என்பவர் பெரும்பாலும் விகிதத்தில் எடுத்துக்கொள்கிறார்.